ஒன்பதாம் மாடி மரங்களை வெட்டாதீர்கள்: நிர்வாக மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஒன்பதாம் மாடித் தோட்டத்தின் 6 மகிழமரங்களையும் எடுத்துவிட்டுச் செயற்கைப் புல் விரிக்கப்போவதாக மின்தூக்கி அருகே அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். மரங்கள் பட்டுப்போய்விட்டனவாம். ஏன் பட்டன என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு ஐந்து மாதம் ஆகிறது. தரையில் நிற்கும் மரம் வேர்விட்டுத் தண்ணீரைத் தேடிக்கொள்ளும். மாடி மரத்துக்குத் தொட்டி மண்தான் கதி. காற்று வேறு ஓயாமல் உலர்த்தும். போன மாதம் பார்த்தபோது மண் சுருங்கி, தொட்டிச் சுவருக்கும் அதற்கும் நடுவே என் விரல் முழுசாக இறங்கியது. அப்புறம் நானும் பக்கத்து வீட்டு அம்மாவும் வாளியில் தண்ணீர் சுமந்தோம். அவருக்கு எழுபது வயது. மின்தூக்கித் தரையை ஈரமாக்கியதாக மூன்றே நாளில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. குழாயைப் பழுதுபார்க்கச் சொல்லி நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை.

குழாயைச் சரிசெய்யுங்கள், மரங்களை வெட்டாதீர்கள். நாங்கள் கேட்பது இதுதான்.

கொசு வரும் என்கிறீர்கள். டெங்கி பயம் எங்களுக்கும் உண்டு. சீனாவின் செங்டூ நகரில் பால்கனிதோறும் செடி வைத்த குடியிருப்பு, கவனிக்க ஆளில்லாமல் புதர்மண்டிக் கொசு பெருகியதை 2020இல் செய்திகளில் பார்த்தோம். இத்தாலியின் மிலான் நகரில், பால்கனிகளில் மரம் வளர்க்கும் போஸ்கோ வெர்ட்டிக்காலே என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு 2014 முதல் பசுமையாக நிற்கிறது. அங்கே மரங்களைக் கவனிப்பது பொதுப் பராமரிப்பு. தோட்டக்காரர்கள் கயிற்றில் தொங்கியபடி இறங்கிக் கிளை கழிக்கிறார்கள். செடி இரண்டு இடத்திலும் செடிதான். ஆள் இருந்தாரா என்பதுதான் வித்தியாசம்.

சிங்கப்பூரில் இத்தகைய பொது மாடித் தோட்டங்களை, விதிகளுக்கு உட்பட்டால், கட்ட அனுமதிக்கப்படும் மொத்தத் தளப்பரப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. பசுமைக்காகக் கிடைக்கும் சலுகை அது. வீடு விற்கும்போது விளம்பரம் முழுக்க மரம். விற்று முடிந்ததும் மரம் வீண்செலவு. இந்த ஊரில் எத்தனை கட்டடங்களில் இதே கதை! மாதாமாதம் நாங்கள் கட்டும் பராமரிப்புக் கட்டணம் எதைப் பராமரிக்க?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்ட ஆள் வருவதற்கு முன் மர வல்லுநர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள், தயவுசெய்து குழாயைச் சரிசெய்யுங்கள். நாங்கள் தண்ணீர் ஊற்றிய இரண்டு மரங்களில் துளிர் விட்டிருக்கிறது. நீங்களே வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
பத்தாம் மாடிக் குடியிருப்பாளர்