525 மடங்கும் ஒரு மிளகளவு சனியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், '525 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி வாங்கினால் சனியின் வளையங்களை மாடியிலிருந்தே கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம்' என்று போட்டிருந்தீர்கள். கூடவே விண்கலம் எடுத்த வண்ணப்படம் வேறு. அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை எடுத்துப் போட ஒரு நிருபர் எதற்கு?

அந்தக் கருவியின் முகப்பில் இருக்கும் 70 மி.மீ. லென்ஸுக்கு 140 மடங்குதான் எல்லை என்பது தாங்கள் அறியாததல்ல. அதைத் தாண்டினால் உருவம் பெரிதாகும், தெளிவு போய்விடும். என் அக்கா பேரன் ஆசையாய் வாங்கியதும் இப்படி ஒன்றுதான். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸில், இருப்பதிலேயே சின்னதை, அதாவது அதிகம் பெரிதாக்குவதைப் போட்டு வியாழனைத் தேடினான். கடற்காற்றில் ஸ்டாண்ட் ஆடிய ஆட்டத்தில் கோள் ஒரு நொடி நிற்கவில்லை. இப்போது கருவி பரண்மேல். 25 மி.மீ. ஐபீஸில், 28 மடங்கில் பார்த்திருந்தால் வியாழனின் நிலவுகள் வரிசையாய்த் தெரிந்திருக்கும். கலிலியோ 1610-இல் அவற்றைக் கண்டதே சுமார் 20 மடங்கில்தான். சனி மிளகளவுதான் தெரியும். 2025-இல் விளிம்பு மட்டும் நம் பக்கம் தெரியும்படி திரும்பிய வளையம் இப்போதுதான் மெல்ல விரிகிறது. இதையெல்லாம் எழுதினால் விளம்பரதாரர் கோபித்துக்கொள்வாரோ என்னவோ.

சனிப்பெயர்ச்சி என்றால் தனி மலர், பரிகாரம், திருநள்ளாறு சிறப்புப் பேருந்து வரை போடுகிறீர்கள். அந்தச் சனி இன்றிரவு எந்தத் திசையில் இருக்கும் என்று ஒரு வரி கிடையாது. முன்பே எழுதிக் கேட்டேன். தங்களுக்கு இடப்பற்றாக்குறை, புரிகிறது.

அப்புறம் அந்த மாடி. கட்டுரையாளர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒருநாள் வரட்டும். எங்கள் கொல்லைச் சுவரை ஒட்டி வைத்த எல்.இ.டி. விளக்கு பாதி தெருவுக்கு, பாதி எங்கள் முருங்கை மரத்துக்கு எரிகிறது. முகூர்த்த நாளென்றால் மண்டபத்து ஃபோகஸ் லைட்டும் சேரும். 2011 டிசம்பரில் தானே புயல் கம்பங்களைச் சாய்த்து ஊரே இருண்டு கிடந்தபோது, விடியுமுன் தெற்கே திரிசங்கு என்கிற தென்சிலுவை விண்மீன் கூட்டம் நிமிர்ந்து நின்றதை இதே கொல்லையிலிருந்து வெறுங்கண்ணால் பார்த்தேன். வானம் தெரிய இன்னொரு புயல் வரவேண்டுமா? வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து, ஓராண்டுக்கு மேல் காத்திருந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜென்டீலுக்கு 1769 ஜூனில் மேகம் குறுக்கே வந்தது. அவருக்கு மேகம், எங்களுக்கு ஃபோகஸ் லைட்.

நான் கேட்பது பெரிதல்ல. 525-க்கு ஒரு திருத்தம் போடுங்கள். ராசிபலன் பக்கத்தின் ஓரமாக, மாதம் ஒருமுறை, எந்தக் கோள் எப்போது எங்கே தெரியும் என்று நாலு வரி போதும். தெருவிளக்குக்கு மேல்மூடி கேட்டு நானே மனு கொடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.