தற்காலிகப் பலகைகளுக்கும் பதிவு வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கே சிங்கப்பூரில் சாலை விதி மீறல் என்று வீட்டுக்குக் கடிதம் வந்தால், நம்மில் பலர் முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டிவிடுகிறோம். சாலையோர அறிவிப்புப் பலகை சரியாகத் தெரியவில்லையே, முறையிட்டுப் பார்க்கலாமா என்ற யோசனை அப்புறம்தான் வருகிறது. கட்டிய பிறகு யோசித்துப் பயனில்லை. விவகாரம் அத்தோடு முடிந்துவிடும்.

எல்லார் புலம்பலிலும் நியாயம் இருப்பதாக நான் சொல்லமாட்டேன். இரட்டை மஞ்சள் கோட்டில் காரை நிறுத்திவிட்டு “இங்கே பலகையே இல்லையே” என்பவர்மீது எனக்கு இரக்கமில்லை. அங்கே கோடுதான் அறிவிப்பு. பேருந்துத் தடமும் அப்படியே. மஞ்சள் கோடு மட்டும் என்றால் வார நாள்களில் காலை 7.30 முதல் 9.30 வரை, மாலை 5 முதல் 8 வரை அந்தத் தடம் பேருந்துகளுக்கே. சிவப்புக் கோடும் சேர்ந்திருந்தால் திங்கள் முதல் சனி வரை காலை 7.30 முதல் இரவு 11 வரை. உரிமம் எடுக்கும்போதே படித்ததுதானே!

சாலைப் பணி நடக்கும் இடங்களின் கதை வேறு. என் தம்பி சரக்கு வேன் ஓட்டுகிறான். தோண்டிப் போட்டிருந்த ஒரு சந்திப்பில், வலப்பக்கம் திரும்பத் தடை என்ற பலகையை மணல்மூட்டை வைத்து நிறுத்தியிருந்தார்கள். அதை மறைத்தபடி முன்னால் சாலைப் பணிக் குத்தகையாளரின் லாரி. மறுநாள் அந்த வழியாகப் போனபோதுதான் பலகை அவன் கண்ணில் பட்டது. கடிதம் வந்து சேர்ந்தபோது பலகை இடம் மாறிவிட்டது; வேன் கேமராவில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிட்டது. “நீதிமன்றம் போனா ஒரு நாள் சம்பளம் போயிடும்க்கா, தோத்தா அபராதம் கூடினாலும் கூடும்” என்று சொல்லிக் கட்டிவிட்டான்.

காசு மட்டும் என்றால் அது அவரவர் கணக்கு. குற்றப்புள்ளியும் சேர்ந்து வந்தால் கெடுவுக்குள் முறையீடு எழுதிப் பார்ப்பதே நல்லது. 24 மாதங்களில் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் முடக்கப்படும்; புதிய ஓட்டுநருக்கு முதல் ஆண்டில் 13 சேர்ந்தாலே ரத்து. வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சாதாரண விஷயமா?

குத்தகையாளர்கள் ஒவ்வொரு தற்காலிகப் பலகையையும், வண்டியோட்டியின் கண்ணுக்குத் தெரியும் கோணத்தில், தேதியோடு தினமும் படமெடுத்து வைக்கவேண்டும். முறையீடு வந்தால் அதிகாரிகள் அந்தப் படத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். முறையிட்டவருக்கும் அதைக் காட்டட்டும்.

வாசகி,
ஈசூன்