பாதமும் படமும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து நடக்கும் பெரிய வியாழன் பாதம் கழுவும் ஆராதனை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விசுவாசம் மனதுக்குள் பூட்டி வைப்பதற்கல்ல, நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். அதில் எனக்கு மறுப்பில்லை. 'மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு' என்றுதான் மத்தேயுவிலும் இருக்கிறது. ஆனால் கண்ணில் பட வேண்டியது கிரியை. நம் சபைகளில் படுவதோ பேனரும், அதற்குக் கீழே கைநீட்டி நிற்கிறவரின் முகமும்.

ஆராதனையில் ஆயர் கழுவுகிற கால்கள் பெரும்பாலும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தவை. குறையாகச் சொல்லவில்லை, சடங்கு அப்படித்தான் இருக்கும். வருடம் முழுக்கப் பிறர் காலைக் கையில் ஏந்திப் பார்க்கிற இடங்களும் நம்மிடம் உண்டு. எங்கள் காட்பாடிக்குப் பக்கத்துக் கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் மருத்துவமனை நடக்கிறது. அதற்கு அடிப்படையான வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946இல் வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைக்கு அறுவை மருத்துவராக வந்தவர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துப் போனபோது, விரல் மடங்கிப்போன ஒருவரோடு கைகுலுக்கினார். பிடி இரும்பாக இருந்தது. அந்தக் கையில் நல்ல தசை மிச்சமிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. நன்றாக வேலை செய்யும் தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை அதிலிருந்துதான் பிறந்தது. விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போய்விட்டதால் சூடும் முள்ளும் தெரியாமல் காயமாகி, அந்தக் காயம் கவனிக்கப்படாமல்தான் குறைகின்றன என்பதை அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் நிறுவினார்கள். தொழுநோயாளிகளை மற்ற நோயாளிகளோடு ஒரே ஆஸ்பத்திரியில் சேர்க்கவே தயங்கிய காலம் அது.

என் பெரியம்மாவைச் சில வருடம் ஒரு தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனவள் நான். மாத்திரையில் நோய் எப்போதோ குணமாகிவிட்டது, பாதத்தில் உணர்ச்சிதான் திரும்பவில்லை. அங்கே கால் பார்க்கிற ஊழியர் நம் முழங்கால் உயரம்கூட இல்லாத முக்காலியில் உட்கார்ந்திருப்பார். பேசின் தண்ணீரில் காலை ஊற வைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவுவார். பிறகு ஒவ்வொரு விரலிடுக்காக விரித்துப் பார்ப்பார்.

"இது எப்பம்மா பட்டுச்சு?"

"பட்டுச்சா? தெரியலையேப்பா."

அவர் திட்டமாட்டார். தினமும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி, போன தடவை சொன்னதையே புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார். அவர் எந்தச் சபை, சபைக்குப் போகிறவர்தானா என்றுகூட நான் கேட்டதில்லை.

செருப்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். உணர்ச்சியற்ற காலுக்கென்று எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பர் செருப்பு தருகிறார்கள். மெத்தென்ற ரப்பர் அடி, நழுவாமலிருக்கக் குதிகாலில் ஒரு பட்டை. ஆணி அடிக்கமாட்டார்கள், அது குத்தி ஏறினாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாதே. நாளாவட்டத்தில் ஊரார் செருப்பைப் பார்த்தே ஆளை அடையாளம் கண்டு ஒதுங்க ஆரம்பித்தார்கள். கடைச்செருப்புபோல் தோன்றும் மாடல்களைத் தைக்கத் தொடங்கியது அதனால்தான். தங்கள் உதவி யார் காலில் இருக்கிறது என்று தெருவுக்குத் தெரியக்கூடாது என்று ஒரு பட்டறை மெனக்கெடுகிறது!

நம் சபைகளில் நடப்பது நேர்மாறு. ஜனவரி கடைசியில் வரும் தொழுநோய் ஞாயிறன்று பிரெட்டும் ஆரஞ்சுமாக ஒரு குழு அந்த மருத்துவமனைக்கு வந்தது. பெரியம்மா முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். "கொஞ்சம் நிமிருங்க பாட்டி, கை தெரியட்டும்" என்றார் படம் எடுத்த தம்பி. சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது, வசனத்தோடு. பேத்திக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படம் யார் யார் போனுக்குப் போயிருக்குமோ என்று வீட்டில் ஒரு மாதம் பேச்சு அதுதான்.

படம் இல்லாவிட்டால் காணிக்கை வராது என்பார்கள். கொடுத்தவருக்குக் கணக்கு காட்ட வேண்டியது நியாயமே. 1900இல் ஒற்றைப் படுக்கையோடு மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய வைத்தியம் சி.எம்.சி.யாக வளர்ந்ததும், எங்கோ இருந்தவர்கள் விவரம் கேட்டுப் பணம் கொடுத்ததால்தான். ஆனால் கணக்கு காட்ட ரசீது இருக்கிறது, வாங்கிப்போட்ட கட்டில் இருக்கிறது, தைத்த செருப்பு இருக்கிறது. பெரியம்மாவின் கை எதற்கு?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 'சபைச் செய்திகள்' பக்கத்துக்கு வரும் நலத்திட்டப் படங்களில் வாங்குகிறவர் முகமோ கையோ காலோ அடையாளம் தெரிந்தால் பிரசுரிக்காதீர்கள். அவர் சம்மதித்தார் என்று சபையார் எழுதி அனுப்பினாலும் வேண்டாம். பிரெட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? இந்த விதியை வருகிற கிறிஸ்துமஸ் இதழிலேயே ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டுவிட்டால், ஜனவரிக்குள் எல்லாச் சபைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
சி.எஸ்.ஐ. சபை வாசகி ஒருவர்,
காட்பாடி.