மூன்றாவது பந்து

நண்பர்களே,

இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து என் நண்பன் நேற்று மாலை வீடு திரும்பிவிட்டான். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடி எழுத எனக்கு மனம் வரவில்லை. "நல்லா இருக்கேன்டா" என்று அவன் வாயால் சொல்லிக் கேட்டேன். அதன் பிறகு கொஞ்ச நேரம் இருவருக்கும் பேச்சு எழவில்லை. அந்த ஈரம் காய்வதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி, பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணுக்கு.

அவனுக்கும் எனக்கும் நடுவே கடல். போய் நிற்க வழியில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அவனைப் பொது அறைக்கு மாற்றிய அன்று அவன் எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பழக்கமில்லாத குரல் ஒன்று எடுத்தது. "அண்ணா, நான் பக்கத்து பெட்காரரோட பொண்ணு. அண்ணி மருந்து வாங்கக் கீழே போயிருக்காங்க. ரொம்ப நேரமா அடிச்சுதா, எடுக்கலைன்னா பயந்துடுவீங்களேன்னு எடுத்தேன். அவர் தூங்குறார். மூச்சு சீரா வருது."

முகம் பார்த்திராத ஒருவன் பயந்துவிடக் கூடாது என்று இன்னொருவர் போனை எடுக்க எத்தனை பேருக்குத் தோன்றும்?

என் எண்ணைக் குறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு வரி வரும். "இன்னைக்கு ஒரு பந்து."

பைபாஸ், அதாவது அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் தாண்டி ரத்தம் போக மாற்றுவழி போடும் அறுவை சிகிச்சை, ஆனவர்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுப்பார்கள். மூன்று குழாய், குழாய்க்கு ஒரு பந்து. குழாய்கள் மேல் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும்; அந்தப் பந்து ஏற வினாடிக்கு எத்தனை மில்லி காற்றை இழுக்க வேண்டும் என்ற கணக்கு அது. வாய்வழியாகக் காற்றை இழுக்க இழுக்கப் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருக்கும்போது ஆழமாக மூச்சு விடவே உடம்பு அஞ்சும். அரைகுறையாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும், காய்ச்சலில் கொண்டுபோய் விடும். அதற்குத்தான் இந்தப் பயிற்சி. இவனோ முதல் நாள் முழுக்க ஊதிக்கொண்டு இருந்திருக்கிறான். "ஊதக் கூடாதுண்ணா, உள்ளே இழுக்கணும்" என்று திருத்தியதும், இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னதும் அவள்தான். தன் அப்பாவைப் பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறாள்.

நான்காம் நாள் சாயங்காலம் செய்தி வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நள்ளிரவு தாண்டி வந்தது: "அப்பாவுக்கு இன்னைக்கு முடியலை அண்ணா, அதான் லேட். உங்க ஃப்ரெண்டுக்கு ரெண்டு பந்து."

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. தன் வீட்டுத் துயரத்துக்கு நடுவிலும் எனக்காக இரண்டு பந்தை எண்ணி வைத்திருந்தாள்.

மூன்றாவது பந்து ஏறிய மறுநாள் அவள் அப்பாவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கச்சி, உன் அப்பா நன்றாக இருக்க வேண்டும். தூக்கம் வராத இரவுகளில் அவரையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்கள், இரவெல்லாம் கண்விழித்த செவிலியர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், பணம் திரட்டிய நீங்கள், ஒரு வார்த்தை முகம் சுளிக்காத அவன் மனைவி. 1967இல் காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு இதயத்துக்கு மாற்றுவழி போட்டு, இந்த சிகிச்சை பரவ வழிசெய்த அர்ஜென்டினா மருத்துவர் ரெனே ஃபவலோரோவையும் இதில் சேர்க்கத் தோன்றுகிறது. என் நண்பனின் இதயத்துக்கும் இப்போது அவன் கால் சிரை வழியாகத்தான் ரத்தம் போகிறது.

டேய், இனி உனக்கு. நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை கனமான எதையும் தூக்காதே, கையை ஊன்றி எழுந்திருக்காதே. காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் அப்படித்தான் என்கிறார்கள். அதை மனசுக்குள் பூட்டி வைக்காதே, என்னைக் கூப்பிடு. எந்நேரமானாலும் எடுப்பேன். வாரக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு வேலை என்று சாக்குச் சொன்ன பழைய ஆள் நான் இல்லை. எந்த ஆஸ்பத்திரியிலாவது பக்கத்து பெட்டில் போன் அடித்து யாரும் எடுக்காமல் இருந்தால், அதையும் எடுப்பேன்.

சாயங்காலமானால் என் கை தானாகப் போனைத் தேடுகிறது. இன்றைக்கு எத்தனை அடி நடந்தாய் என்று இனிமேல் நீயே எழுது.