கல்யாண அல்பங்கள் பிந்திய கதையும் எங்கள் நன்றியும்

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

ஆவணிக் கல்யாணங்களின் அல்பங்கள் ஏன் பிந்துகின்றன என்று கேட்ட எல்லோருக்கும் "கணினியில் ஒரு பிழை" என்று மட்டும் சொல்லிச் சமாளித்துவந்தோம். இப்போது பிழை திருந்திவிட்டது. திருத்த உதவியவர்களைப் பொதுவில் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. உள்ளூர் ஆட்கள் பெயர் போடவேண்டாம் என்றார்கள். ஆகவே ஊரை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஸ்டூடியோவில் கணினியை ஓட்ட லினக்ஸும், படம் திருத்த டார்க்டேபிளும்தான். இரண்டும் காசில்லாமல் கிடைப்பவை, வேலைக்கும் குறைவில்லை. 2024 இல் சிஸ்டத்தைப் புதுப்பித்த பிறகு, அதே மெஷின், அதே கமரா, ஆனால் திருத்திய படங்களை ஜேபெக் ஆக்கி எடுக்கும் வேகம் மட்டும் படுத்துவிட்டது. ராம் போதாது என்றார் ஒருவர். எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு சிஸ்டம் போடு என்றார் இன்னொருவர், அதற்கு விலையும் சொன்னார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் கோண்டாவில் தம்பிதான், "அண்ணை, முதல் பழைய கேர்னலில ஏத்திப் பாருங்கோ" என்றான். கேர்னல் என்றால் லினக்ஸின் மையம், மெஷினையும் நினைவகத்தையும் நிர்வகிப்பது. அதன் 6.6 ஆம் பதிப்பில் ஏற்றினோம். போன வேகம் வந்துவிட்டது. 6.7 இல் ஏற்றினால் திரும்பப் படுத்துவிடும். அப்போ பிழை டார்க்டேபிளிலும் இல்லை, ராமிலும் இல்லை.

தம்பி அத்தோடு விடவில்லை. இரண்டு பதிப்புகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான மாற்றங்கள். கிட் பைசெக்ட் என்ற கட்டளை அவற்றைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போகும்: நடுவில் உள்ளதைக் கட்டி (மூல நிரலை ஓடக்கூடிய கேர்னலாக ஆக்கி) ஓட்டிப் பார், நல்லதா கெட்டதா என்று சொல், மிச்சப் பாதியைத் திரும்ப வெட்டு. 16,000 மாற்றங்கள் இருந்தாலும் 14 தரத்துக்குள் ஒன்றில் வந்து நிற்கும். சொல்ல லேசு. ஆனால் ஒவ்வொரு தரமும் ஒரு முழுக் கேர்னலைக் கட்டவேண்டும். அந்தச் சுமையை ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் எடுத்தார். தன் பெரிய மெஷினில் கட்டி இங்கே அனுப்பினார். அவருக்கு இரவென்றால் எங்களுக்குப் பகல், அது ஒருவகையில் வசதியாகத்தான் இருந்தது. கஸ்தூரியார் வீதிக் கடைக்கார அண்ணை கரண்ட் போனாலும் மெஷின் நிற்காமலிருக்க யூபிஎஸ் ஒன்றும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு புரொசசர் உள்ள மெஷின் ஒன்றும் தந்தார். வாடகை கேட்கவில்லை. அண்ணை, யூபிஎஸ் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

வெட்டி வெட்டி வந்து நின்ற இடம் கேர்னலின் நினைவக நிர்வாகப் பகுதி. நல்ல நோக்கத்தோடு செய்த மாற்றம் அது. கேர்னல் வழக்கமாக நினைவகத்தை 4 கிலோபைட் பக்கங்களாகக் கொடுக்கும். 2 மெகாபைட் பெரும்பக்கமாகக் கொடுத்தால், 512 சின்னப் பக்கங்களின் கணக்கை ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆகவே 2 மெகாபைட்டோ அதற்கு மேலோ யார் கேட்டாலும், அதன் தொடக்கத்தை 2 மெகாபைட் எல்லையில் வை என்று ஆக்கினார்கள். கேட்கும் அளவு எல்லையோடு பொருந்தாவிட்டால்தான் வினை. மெஷினின் வேகத்தை அளக்கும் நிரல் ஒன்றைப் பாருங்கள், அது 4632 கிலோபைட் துண்டுகளாகக் கேட்கும். முன்பு அவை அடுத்தடுத்து ஒட்டி ஒரே வளவாகிவிடும். இப்போது ஒவ்வொரு காணியும் அடுத்த எல்லைக் கல்லில்தான் தொடங்கவேண்டும், நடுவில் 1512 கிலோபைட் தரிசு. அதைவிட மோசம், எல்லாத் துண்டும் ஒரேமாதிரி எல்லையில் தொடங்குவதால் புரொசசருக்குள் இருக்கும் சின்ன வேக நினைவகமான கேஷில் ஒரே இடத்துக்கு முட்டிமோதுகின்றன போலும். சில மெஷின்களில் அந்த நிரல் 600 சதவீதம் வரை மந்தமானது. டார்க்டேபிளும் அதே மாற்றத்தால்தான் அடிபட்டது.

நாங்கள் கண்டதைக் கேர்னல்காரருக்கு எழுதப் போனால், எங்களுக்கு முன்பே வேறு நாட்டு டார்க்டேபிள் பாவனையாளர் ஒருவர் அதே மாற்றத்தில் விரல் வைத்திருந்தார். தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம், எனக்கு நிம்மதி. இப்படி முன்பு ஓடியது பின்பு ஓடாமல் போகும் முறைப்பாடுகளை விடாமல் பின்தொடரும் தோர்ஸ்டன் லேம்ஹுயிஸ் அதை உரியவர்களிடம் கொண்டுபோனார். விளாஸ்திமில் பாப்கா திருத்தம் எழுதினார். கேட்ட அளவு 2 மெகாபைட்டின் மடங்காக இருந்தால் மட்டும் எல்லையில் வை, இல்லாவிட்டால் பழையபடி ஒட்டி வை. சாரம் அவ்வளவுதான், ஒரு நிபந்தனை. தம்பி அதை எங்கள் மெஷினில் கட்டிப் பார்த்து, வேலை செய்கிறது என்று துள்ளினான். 2024 கார்த்திகையில் வெளியான 6.12 இல் அது சேர்ந்துவிட்டது. தோர்ஸ்டனுக்கும் விளாஸ்திமிலுக்கும், நினைவகப் பகுதியைப் பல காலமாகப் பராமரித்துவந்த அன்ட்ரூ மோர்ட்டனுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் நன்றி. இந்த மடலை அவர்கள் வாசிக்கப்போவதில்லைத்தான், இருந்தாலும் சொல்லவேண்டும்.

எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: கேர்னல்காரர் ஒரு திருத்தத்தைச் சேர்க்கும்போது, பிழையைச் சொன்னவர் யார், சோதித்தவர் யார் என்று திருத்தத்தின் அடியிலேயே எழுதிவிடுகிறார்கள். ஒரு வரி நிரல்கூட எழுதாதவனின் பெயரும் அங்கே நிற்கும். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்து ரியூப்லைற்றில் உபயகாரர் பெயர் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக, பொறுத்திருந்த கல்யாண வீட்டுக்காரருக்கு. சங்கானை அம்மா ஒருவர் மட்டும் வாரம் தவறாமல் கோல் எடுத்துப் பேசினார். அவர் சொன்னதில் பிழையில்லை, பேத்தியின் கல்யாணப் படத்தை லண்டனுக்கு அனுப்ப எவ்வளவு நாள் பார்த்திருப்பது? அம்மா, உங்களுக்கு ஒரு பெரிய பிரேம் எங்கள் செலவில்.

சங்கானை, அளவெட்டி, மானிப்பாய் அல்பங்கள் தயார், வந்து எடுக்கலாம். சுன்னாகத்து ஆட்களின் அல்பத்துக்கு அட்டை இன்னும் கொழும்பிலிருந்து வரவில்லை. அதற்கும் கேர்னலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அன்புடன்,
ஸ்டூடியோக்கார அண்ணை,
யாழ்ப்பாணம்