செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: புற்றுக்காளானை அடியோடு அறிதல்

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இந்த ஆண்டு புதிய உறுப்பினர்களுக்கு ஒரே ஒரு காளானைத்தான் கற்றுக்கொடுத்தோம். அது புற்றுக்காளான். பத்துக் காளானை மேலோட்டமாகத் தெரிந்தவரைவிட ஒன்றை முழுதாக அறிந்தவரையே நம்பிக் காட்டுக்கு அனுப்பலாம் என்பது செயற்குழுவின் உறுதியான கருத்து.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம் பக்கம் சொல்வார்கள். காய்ந்து கிடந்த மண் ஆழம்வரை நனைவதுதான் இதில் முக்கியம். மண்ணுக்கடியில் கறையான்கள் இலை, மரத்தூளை மென்று கட்டிய அடையில் இந்தப் பூஞ்சையை வளர்க்கின்றன. அந்த அடையிலிருந்துதான் காளான் மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. கறையான் இல்லாமல் வளராததால் சிப்பிக்காளான், பால்காளான் போல இதைப் பையில் வளர்க்க முடிவதில்லை. கூடு உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் அதே இடத்தில் மறுபடியும் வரும்.

அடையாளத்தைத் தரையிலிருந்து தொடங்க வேண்டும். முதல் காளானைப் பிடுங்கக் கூடாது. காம்பைச் சுற்றி மெல்லிய கம்பியால் மண்ணைத் தளர்த்திக்கொண்டே கீழே போகவேண்டும். புற்றுக்காளானின் காம்பு மண்ணுக்குள் வேர்போல் மெலிந்து, சில இடங்களில் ஒரு அடிக்கும் மேல் கறையான் அடையை நோக்கி இறங்கும். அடியில் குமிழோ, முட்டை ஓடு போன்ற பையோ இருக்காது. குடையின் நடுவில் மண்ணைத் துளைக்க உதவும் கூரான, கெட்டியான முனை இருக்கும். குடையின் அடியில் வரிவரியாக இருக்கும் செவுள்கள் வெள்ளையாகத் தொடங்கி, முற்றும்போது இளஞ்சிவப்பு படரும். ஒன்றைத் தோண்டி உறுதி செய்தபின் அதே கூட்டத்தில் மற்றவற்றை மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அறுத்தால் போதும். ஆனால் அறுக்கும் முன் மண்ணை விலக்கி ஒவ்வொன்றின் அடியையும் பார்த்தே கூடையில் இடவேண்டும். மண்வெட்டியால் புற்றைக் கிளறக் கூடாது. கறையானின் அடை சிதைந்துவிடும், புற்றில் பாம்பும் இருக்கலாம்.

செவுளிலிருந்து உதிரும் நுண்ணிய வித்துப் பொடியைத் தாளில் விழவைத்து நிறம் பார்க்கும் ஸ்போர் பதிவு எடுப்பதில்தான் பலருக்குச் சிக்கல் வந்தது. முறை எளிது. விரிந்த குடையின் காம்பை அறுத்துவிட்டு, பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் செவுள் கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, இரவு முழுவதும் விடவேண்டும். விரியாத மொட்டைப் போட்டால் பொடி விழாது. மழையில் ஊறிய குடையை வைத்தால் பழுப்புச் சாறு கசிந்து தாளைக் கறைப்படுத்தும், அதைப் பொடியின் நிறம் என்று எண்ணிவிடுவார்கள். மின்விசிறிக்கு அடியில் வைத்தால் பொடி பறந்துவிடும். புற்றுக்காளானின் பொடி இளஞ்சிவப்பு. வெறும் வெள்ளைத் தாள் ஏன் போதாது என்றால், வெள்ளைப் பொடி அதில் கண்ணுக்கே படாது. வெள்ளைப் பொடி விழுந்தால், கொடிய நஞ்சுள்ள இனங்கள் கொண்ட அமானிடா என்ற காளான் வகையை நினைக்க வேண்டும்.

போலிகளில் அதிகம் கவனிக்க வேண்டியது புல்தரையிலும் தோட்டத்திலும் வரும் பச்சைப்பொடிக் காளான். நன்றாக விரிந்தால் சாப்பாட்டுத் தட்டளவு வரும். வெள்ளைக் குடைமேல் பழுப்புச் செதில்கள், காம்பில் மேலும் கீழும் நகரும் வளையம். இளசாக இருக்கும்போது இதன் செவுளும் வெள்ளைதான், பச்சை பிறகே ஏறும். ஆகவே மொட்டைப் பார்த்து முடிவு செய்வதைத் தடை செய்திருக்கிறோம். சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

அமானிடாவின் நஞ்சுள்ள இனங்கள் அதைவிடக் கொடியவை. வெள்ளைச் செவுள், காம்பில் பாவாடை போன்ற வளையம், அடியில் பை. அந்தப் பை மண்ணுக்குள் இருப்பதால், மேலோடு அறுத்து வந்தால் முக்கியமான சாட்சி காட்டிலேயே தங்கிவிடும். கைபேசிப் படத்தை மட்டும் அனுப்பி "சாப்பிடலாமா?" என்று கேட்டவர்களுக்கு நம் குழு பதில் தராததன் காரணமும் இதுவே. உருண்டை மொட்டு கிடைத்தால் நெடுக்கே இரண்டாக வெட்டிப் பாருங்கள். உள்ளே குடையும் செவுளும் கோடாகத் தெரிந்தால் அது அமானிடாவாக இருக்கலாம், தொடக்கூடாது.

நஞ்சைக் கண்டறியக் கொதிக்கும் குழம்பில் வெள்ளிக்காசு போடுவது, பூண்டு கறுக்கிறதா என்று பார்ப்பது, நத்தை கடித்திருந்தால் நல்லது என்பது எதுவுமே உதவாது. அமானிடாவில் உள்ள அமாடாக்சின் என்ற நஞ்சு வெள்ளியோடு வினைபுரியாது, கொதித்தாலும் அழியாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தனர். அமாடாக்சின் நஞ்சில் முதல் அறிகுறி வரவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு வாந்தி நின்று, ஆள் தேறியதுபோல் தெரியும். அந்த இடைவெளியில் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே சந்தேகம் வந்தவுடன் 108-ஐ அழைத்து, சாப்பிட்ட அனைவரும் மருத்துவமனைக்குப் போகவேண்டும். மிச்சக் காளானையும் குழம்பையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். தேறிவிட்டது என்று வீட்டில் தங்கக் கூடாது.

சேகரிப்பில் சில விதிகள்: பாலிதீன் பை வேண்டாம், சில மணி நேரத்தில் வியர்த்து அழுகும். ஓலைக்கூடை அல்லது காகிதம் போதும். இனம் மாறி ஒரே கூடையில் போடக் கூடாது. கறையானுக்கு மருந்து ஊற்றிய தோப்பு என்றால் எவ்வளவு நல்ல புற்றுக்காளானும் வேண்டாம், மருந்து ஊற்றியிருக்கிறார்களா என்று உரிமையாளரைக் கேட்ட பிறகே எடுக்கவும். காப்புக்காடு, சரணாலயத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒன்றும் எடுக்கக் கூடாது. அன்றே நன்றாக வேகவைத்துச் சமைக்கவும். முதல் தடவை கொஞ்சமாகச் சாப்பிட்டு, ஒரு காளானைச் சமைக்காமல் தனியே எடுத்து வைக்கவும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் தீர்மானங்கள் இரண்டு: ஒவ்வொரு புதிய உறுப்பினரும் பொது நடையில் சேரும் முன் தானே எடுத்த இளஞ்சிவப்பு ஸ்போர் பதிவு ஒன்றைக் காட்ட வேண்டும், அடுத்த பருவத்தில் வைக்கோலில் வரும் காளானைப் பாடமாக எடுக்க வேண்டும். அதற்கும் அடியில் பை உண்டு என்பதால், அமானிடாவோடு பக்கத்தில் வைத்தே சொல்லித்தரப்படும். இவற்றைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்