கசடு விழுங்கும் கார்பனைத் தனிக் கணக்கில் எழுதுங்கள்

மத்திய எஃகு அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். எஃகு ஆலைக் கசடுக்குள், அதாவது உலையில் உலோகத்திலிருந்து பிரியும் கழிவுக்குள், கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திக் கல்லாக்கிவிடலாம் என்ற பேச்சு இப்போது அதிகம் அடிபடுகிறது. நல்ல யோசனைதான், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அதையே ‘பசுமை எஃகு’ முத்திரைக்குக் கொல்லைப்புற வழியாக்கிவிடாதீர்கள்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஊதுலைக் கசடை விடுங்கள், அதை சிமென்ட் கம்பெனிகள் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கின்றன. தலைவலி, இரும்புக் குழம்பில் ஆக்சிஜனை ஊதி எஃகாக்கும் எல்.டி. உலையின் கசடுதான். ஒரு டன் எஃகுக்கு அது சுமார் 150 கிலோ வரும், ஆலைக்கு ஆலை கொஞ்சம் ஏறும் இறங்கும். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சுண்ணாம்பு. 56 கிலோ சுண்ணாம்பு 44 கிலோ கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும், அவ்வளவுதான் அதன் சக்தி. ஆக ஒரு துளி சுண்ணாம்புகூட மிச்சமில்லாமல் வினைபுரிந்தாலும் டன் எஃகுக்கு 55 கிலோவைத் தாண்டுவது கஷ்டம், நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். நம் நாட்டு ஆலைகள் ஒரு டன் எஃகுக்கு வெளியேற்றுவது சராசரியாகச் சுமார் 2.5 டன். கிடைப்பது ஒரு சதவீதம், மிஞ்சிப்போனால் இரண்டு.

அந்தச் சுண்ணாம்பும் எங்கிருந்து வந்தது? சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுத்தான். சுடும்போது இதே வாயுவை இதே அளவு வெளியே விட்டாயிற்று. சுண்ணாம்பு அடித்த சுவர் காற்றிலுள்ள கார்பனை இழுத்து இறுகுகிற அதே வேதியியல்தான் இங்கேயும், விட்டதில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்குகிறோம்.

நீங்கள் 2024 டிசம்பரில் வெளியிட்ட வகைப்பாட்டில், ஒரு டன் எஃகுக்கு வெளியேற்றம் 2.2 டன்னுக்குக் கீழே வந்தால் பசுமை எஃகு, 1.6க்குக் கீழே வந்தால் ஐந்து நட்சத்திரம். எல்லைக் கோட்டில் 2.21இல் நிற்கும் ஓர் ஆலை, உலையில் ஒன்றையும் மாற்றாமல், கசடுக் கணக்கை மட்டும் காட்டி நட்சத்திரம் வாங்கிவிடலாம் என்றால் அப்புறம் எதற்கு அந்த நட்சத்திரம்? கசடு பிடித்த கார்பனைத் தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். கசடை அரைக்கவும் வாயுவை அழுத்தவும் செலவான மின்சாரத்தையும் அதே வரியில் கழிக்கச் சொல்லுங்கள்.

சரி, பிறகு எதற்கு ஆதரிக்கிறேன்? கழிவுப் பிரச்சினைக்காக. எல்.டி. கசடில் சேராமல் தங்கிவிடும் சுண்ணாம்பு தண்ணீர் பட்டால் ஊதும், மேலே போட்ட சாலையோ தளமோ வெடிக்கும், அதனால்தான் மாதக்கணக்கில் வெளியில் கொட்டி ஆறப்போடுகிறார்கள். குவியலிலிருந்து கசியும் தண்ணீர் கடும் காரம். இங்கிலாந்தில் கான்செட் ஆலை 1980இல் மூடப்பட்டது, அதன் கசடு மேட்டிலிருந்து இறங்கும் ஓடையில் பல பத்தாண்டுகள் கழித்தும் காரநீர் ஓடி வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தது. அறைக்குள் வைத்து வாயுவைச் செலுத்தினால் இந்த வேலை ஓரிரு நாளில் முடியும். கனடாவில் கார்பிகிரீட் என்ற நிறுவனம் இந்த முறையில் சிமென்ட்டே இல்லாமல் கட்டடக் கற்கள் செய்கிறது. கசடு விழுங்கியதைவிட, போடாமல் விட்ட சிமென்ட்டில்தான் ஆதாயம் அதிகம் என்பது என் கணிப்பு.

முதல் முயற்சியைச் சேலத்தில் வையுங்கள். ஊர்ப்பாசம் என்று நினைக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. அங்குள்ள உருக்காலை செய்வது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுத்திகரிப்பில் வரும் கசடு ஆறும்போது படிக அமைப்பு மாறி, பருமன் பெருத்து, தானாகவே மாவாக உதிர்ந்துவிடும். காற்றடித்தால் ஊரெல்லாம் தூசி. அந்த மாவு தண்ணீரோடு ஏறக்குறைய வினைபுரியாது, சிமென்ட்டுக்கு உதவாது, ஆனால் கார்பன் டை ஆக்சைடோடு நன்றாகவே இறுகும், அரைக்கும் செலவும் மிச்சம்.

ஒரே ஒரு நிபந்தனை. ஸ்டெயின்லெஸ் கசடில் குரோமியம் உண்டு, எல்.டி. கசடில் வனேடியம் உண்டு, இரண்டும் தண்ணீரில் கலந்தால் கேடு செய்யக்கூடிய உலோகங்கள். கார்பனேற்றம் சுண்ணாம்புக் கசிவைக் குறைக்கும், ஆனால் வனேடியம் கசிவது கூடலாம் என்று ஆய்வுகளில் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். அதனால் கல்லின் உறுதியை மட்டும் சோதித்துச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு தொகுதியின் கசிவுச் சோதனை முடிவும், லாரி ஆலை கேட்டைத் தாண்டும் முன்பே, தமிழிலும் பொதுவில் வர வேண்டும்.

இப்படிக்கு,
சேலத்துக்காரன் ஒருவன்